கெண்டைக்கால் அளவு

அக்டோபர் 7

எலும்பு கூடிவிட்டது. குதிரை ஏறலாம் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார். கூடவே இன்னொரு சீட்டு, நரம்புப் பரிசோதனைக்கு. "சும்மா ஒரு செக்கப்தான். ஆனா பண்ணிடுங்க" என்றார். அகராதிக்குள் வைத்திருக்கிறேன்.

மார்ச்சில் நான் விழுந்தபோது குதிரை சானெட்டும் விழுந்தான். என் வலது காலின் மேல். அவன்மேல் தவறில்லை. தண்ணீர் தெளித்த புல். என் பூட்ஸில் ஜிப் கிடையாது. இன்னொருவர் பிடித்து இழுத்தால்தான் கழலும். அவசரப் பிரிவில் இழுக்க முடியாமல் முழங்காலிலிருந்து கணுக்கால்வரை கத்தரியால் வெட்டினார்கள். காலைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லையாம். "பூட்ஸ வெட்டாதீங்க" என்று மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தேனாம். அம்மா இதை எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள். சிரித்து முடித்ததும் அழுவாள்.

இடது பூட்ஸ் முழுசாக இருக்கிறது. அலமாரிக்கு மேல் தனியாக நிற்கிறது.

அக்டோபர் 8

லாயத்துக்குப் போனேன். ஏழு மாதம் கழித்து.

சானெட்டின் முழுப்பெயர் இம்பீரியல் சானெட். ரேஸில் தோற்றுத் தோற்று எங்கள் பயிற்சிப் பள்ளிக்கு வந்தவன். லாயத்தைப் பார்த்துக்கொள்ளும் ஏகாம்பரம் அண்ணனுக்கு அந்தப் பெயர் வாயில் நுழையாது. சன்னாசி என்பார். அவன் அதற்குத்தான் திரும்பிப் பார்க்கிறான்.

பயிற்சியாளர் தேவசகாயம் சார் நாள்காட்டியில் இரண்டு வட்டம் போட்டார். குதிரைப்படைப் போலீஸில் முப்பது வருடம் இருந்தவர். தேதி சொல்வதும் உத்தரவு போலத்தான் இருக்கும்.

"டிசம்பர் ஆறு, இங்க தேர்வு. இருபத்தொண்ணு, பெங்களூர்ல போட்டி. நீ இல்லாதப்ப தர்ஷாதான் இவன ஓட்டுனா. இனி செவ்வா, வியாழன் அவ. மத்த நாள் நீ. ஆறாம் தேதி யாரு நல்லா ஓட்டுதாளோ அவளுக்குத்தான் குதிரை. எனக்கு ஓரவஞ்சன கிடையாது, பாத்துக்க."

"சரி சார்."

"கால் எப்படி?"

"நல்லாருக்கு சார்."

"பெங்களூர்ல நீள பூட்ஸ் இல்லாம உள்ள விடமாட்டான், கேட்டியா. வாங்கிரு."

இது டிரசாஜ். குதிரை எதையும் தாண்டாது, யாரையும் முந்தாது. ஒரு செவ்வக மைதானத்துக்குள் குறித்த இடத்தில் குறித்த அசைவைச் செய்ய வேண்டும். மேலே இருப்பவர் ஒன்றுமே செய்யாததுபோல் தெரிய வேண்டும். அதற்குத்தான் மதிப்பெண்.

தர்ஷாவுக்குப் பதினேழு வயது. நன்றாக ஓட்டுகிறாள். இதை எழுத எனக்குச் சிரமமில்லை.

அக்டோபர் 13

பெங்களூர்க் கடை ஒன்றுக்கு அளவு அனுப்பினேன். நாற்காலியில் உட்கார்ந்து, முழங்காலை மடித்து, தையல் நாடாவால். இடது கெண்டைக்கால் 37 செ.மீ. வலதுக்கும் 37 என்று எழுதினேன். இரண்டும் என் கால்தானே.

விடைத்தாள் நாற்பத்தெட்டு. கல்லூரியில் தத்துவம் நடத்துகிறேன். 'அறிதல் என்றால் என்ன' என்ற கேள்விக்கு நாற்பத்தெட்டு பேரும் ஒரே நோட்ஸை எழுதியிருக்கிறார்கள்.

அக்டோபர் 16

வலது ஸ்டிரப் மூன்று முறை கழன்றது. பாதம் வைக்கும் இரும்பு வளையம் புதிதாக மாற்றியிருக்கிறார்கள். வழுக்குகிறது.

அக்டோபர் 19

பெங்களூர்ப் பெட்டி வந்தது. இடதில் ஜிப் முழங்காலுக்கு நான்கு விரல் கீழேயே நின்றுவிட்டது. வலது, வாளிக்குள் கால் விட்டதுபோல். திருப்பி அனுப்பினேன். அவர்கள் அளவு சரியில்லை.

அக்டோபர் 22

மழை தொடங்கிவிட்டது. பேருந்தில் நசுங்கும் கூட்டம். இறங்கி இருபது அடி நடந்த பிறகுதான் பார்த்தேன், வலது காலில் செருப்பு இல்லை. எதிரே வந்த பெண் என் காலைப் பார்த்ததால் நானும் பார்த்தேன். கூட்டத்தில் யாரோ மிதித்துக் கழற்றியிருப்பார்கள்.

இன்னொரு செருப்பையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

அக்டோபர் 27

சவாரியை விட்டுவிட்டுக் கோயம்புத்தூரில் இருக்கும் தோழி அனகா தன் பழைய பூட்ஸை அனுப்பியிருக்கிறாள். கறுப்பு, நல்ல தோல். "இனி எனக்கு எதுக்குடி, என் பையன் அதுக்குள்ள காரை விட்டு விளையாடறான்" என்று ஒரு துண்டுச் சீட்டு. உள்ளே உண்மையாகவே ஒரு சிவப்பு பொம்மைக் கார்.

இடது சரியாக இருக்கிறது. வலது கொஞ்சம் தளர்வு. ஏதாவது சுற்றிக்கொண்டால் போதும்.

நவம்பர் 2

"மேடம், குதிரைக் காலுக்குச் சுத்துற பேண்டேஜு நாலு இருந்துச்சு. இப்ப மூணுதான் கீது" என்றார் ஏகாம்பரம் அண்ணன்.

"தெரியலையே அண்ணா."

"நாலு காலுக்கு மூணு பேண்டேஜ வெச்சுக்கினு நான் இன்னா பண்றது? சன்னாசி கைல ஒரு கால மடிச்சுக்கோன்னு சொல்லட்டா?"

சிரித்தேன். வலது பூட்ஸுக்குள் அந்த நான்காவது பேண்டேஜ் இறுக்கமாக இருந்தது. அதாவது, இருந்திருக்க வேண்டும். சுற்றியது நான்தான்.

நவம்பர் 9

மழையில் பயிற்சி. வீட்டுக்கு வந்து பூட்ஸைக் கழற்றினேன். வலது சாக்ஸ் நனைந்திருந்தது. பிழிந்தேன். தண்ணீர் சிவப்பாக வந்தது.

பேண்டேஜ் மடிப்பு தோலை உரசியிருக்கிறது. கணுக்காலுக்கு மேல் ஒரு ரூபாய் நாணய அளவு. மருந்து போட்டேன். எப்போது ஆரம்பித்ததோ.

அம்மா ஃபோன். "கால் எப்டிம்மா இருக்கு?"

"நல்லாருக்கும்மா."

"வலி?"

"வலியே இல்ல."

நவம்பர் 12

செவ்வாய். தர்ஷாவின் நாள். நான் போகவில்லை. மாலையில் ஏகாம்பரம் அண்ணன் ஃபோனில் சொன்னார், சார் அந்தப் பெண்ணைப் பயங்கரமாகத் திட்டினாராம். பக்கவாட்டு நடையில் சன்னாசி நகரவில்லையாம்.

பக்கவாட்டு நடை என்பது இதுதான்: வலது காலால் விலாவை லேசாக அழுத்தினால் குதிரை முன்னே போய்க்கொண்டே இடப்பக்கம் விலகும். இடது காலால் அழுத்தினால் வலப்பக்கம். ஒரு கதவை முழங்கையால் தள்ளுவதுபோல, அவ்வளவு சிறிய அழுத்தம். போட்டியில் ஏழாவது அசைவு, வலது காலால்.

சின்னப் பெண். காலில் வலு வர நாளாகும்.

நவம்பர் 15

அனகாவின் பூட்ஸ் போய்விட்டது. இரண்டு வருடம் பெட்டிக்குள் கிடந்ததில் அடிப்பகுதிப் பசை காய்ந்திருக்கிறது. மழையில் மைதானத்தின் நடுவே வலது அடி பிளந்து, நாய் நாக்குபோல் தொங்கிற்று. நான் கவனிக்கவில்லை. தேவசகாயம் சார்தான் கத்தினார்.

இனி ஒரே வழி, அளவெடுத்துச் செய்வது. வகுப்பில் ஆம்பூர்ப் பெண் ஒருத்தி இருக்கிறாள். அவளுடைய அக்கா ஷூ கம்பெனியில் பேட்டர்ன் வெட்டுகிறாராம். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் சொந்த வேலை. எண் வாங்கினேன்.

நவம்பர் 17

ஆம்பூர். நான்கு மணி நேரப் பேருந்து. இடது பூட்ஸை மடியில் வைத்துக்கொண்டு. பக்கத்தில் இருந்தவர் வாணியம்பாடிவரை அதைத்தான் பார்த்துக்கொண்டு வருவார் போலிருந்தது. ஆம்பூரில் என்னோடேயே இறங்கிவிட்டார்.

தபஸ்ஸும் அக்கா மாலை ஐந்துக்கு மேல்தான் வரச் சொல்லியிருந்தார். "காலைல கால் ஒல்லியா இருக்கும் மேடம். பகல் பூரா நின்னாதான் நெசமான சைஸ் வரும்." முப்பத்தைந்து வயதிருக்கும். மாடியறையில் தையல் மெஷின், தோல் சுருள்கள், பசை நெடி. பேசும்போது கை நிற்பதில்லை.

"ஜெர்மனிக்காரன் குதிரைக்கெல்லாம் நான் பூட்ஸ் பண்ணிக்கிறேன்."

"குதிரைக்கா?"

"மேல ஏர்றவனுக்குத்தான். ஆனா குதிரைய நான் கிட்டப் பாத்ததே இல்ல. கல்யாண ஊர்வலத்துல வருமே, அதுதான். அதுவும் என் நிக்காஹ்ல மாப்ளைய கீழ தள்ளிடுச்சு."

"ஐயோ, அப்புறம்?"

"அப்புறம் இன்னா, நடந்து வந்தாரு. இன்னிக்கு வரைக்கும் குதிரைன்னா ஆகாது. நீங்க வர்றீங்கன்னு சொன்னதுக்கே கடைக்குப் போயிட்டாரு."

இடது பூட்ஸை மேஜைமேல் வைத்தேன். "இதே மாதிரி வலதுக்கு ஒண்ணு போதும். இத அப்படியே திருப்பிப் போட்டு வெட்டிடலாம், இல்லையா?"

"வெட்டலாம். வலது கால காட்டுங்க."

"ரெண்டும் ஒண்ணுதான்."

"யாருக்கும் ஒண்ணு இல்ல மேடம். எனக்கே அரை சைஸ் வித்தியாசம். காட்டுங்க."

அவர் அளவெடுப்பது நாடாவால் அல்ல. காலில் மெல்லிய நைலான் சாக்ஸ் மாட்டி, அதன்மேல் பாதத்திலிருந்து முழங்கால்வரை காகித டேப்பைச் சுற்றுகிறார், இடைவெளியே இல்லாமல். பேனாவால் தையல் வரப்போகும் கோடுகளை வரைகிறார். பிறகு பக்கவாட்டில் பிளேடால் கீறி, காலின் மேல்தோலை உரிப்பதுபோல் முழுதாக எடுக்கிறார். விரித்து வைத்தால் அதுதான் பேட்டர்ன்.

இடது முதலில். பிளேடின் சில்லிப்பு நைலானைத் தாண்டி வந்ததும் காலை இழுத்துக்கொண்டேன்.

"ஆடாதீங்க மேடம். எல்லாரும் இப்டித்தான். போன மாசம் ஒரு போலீஸ்காரரு, ஆறடி ஆளு, அம்மான்னு கத்திட்டாரு."

பிறகு வலது. மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று இறக்கைகளில் ஒன்று மட்டும் புதிது. அவர் டேப்பை உரித்தார். பேச்சு நின்றுவிட்டிருந்தது.

டேப்பின் உட்புறத்தில் ஒரு விரல் நீளத்துக்குச் சிவப்புக் கோடு. என் காலிலும் அதே கோடு.

"மேடம், பிளேடு பட்டிருக்கு."

"அப்டியா."

அவர் பஞ்சும் டெட்டாலும் எடுத்து வந்தார். துடைத்தார். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே துடைத்தார். டெட்டாலுக்கு முகம் சுளிக்க வேண்டும் என்று எனக்குத் தாமதமாகத்தான் ஞாபகம் வந்தது.

"உங்க குதிரை சாருக்குத் தெரியுமா?"

"தெரியும்."

அவர் பஞ்சைக் குப்பைக் கூடையில் போட்டார். இரண்டு டேப் தோல்களையும் அட்டைமேல் விரித்து அளந்து எழுதினார். இடது 37. வலது 32½. "ரெண்டு பேர் கால் மாதிரி கீது" என்றார் மெதுவாக.

"வெளியிலேருந்து பாக்க ரெண்டும் ஒரே மாதிரி இருக்கணும்" என்றேன்.

"உள்ள ஃபோம் வெச்சுத் தரேன். யாருக்கும் தெரியாது." கொஞ்சம் நிறுத்தி, "குதிரைக்கு?"

"குதிரைக்கு அளவெல்லாம் தெரியாது."

திரும்பும்போது பேருந்தில் தூங்கிவிட்டேன்.

நவம்பர் 23

ஸ்டிரப் கழலாமல் இருக்க ரப்பர் வளையம் மாட்டினேன். இன்று கழலவில்லை. அல்லது கழன்றபோது யாரும் சொல்லவில்லை.

நவம்பர் 28

வியாழன். கல்லூரி பாதி நாளில் முடிந்துவிட்டது. லாயத்துக்குப் போனேன். போயிருக்க வேண்டாம்.

சேணங்கள் மாட்டும் அறையில் தர்ஷா தரையில் உட்கார்ந்திருந்தாள். கண்ணெல்லாம் சிவந்து.

"வினோக்கா, நான் என்ன தப்பு பண்றேன்? அவன் ரைட் லெக்க சுத்தமா கேக்கவே மாட்றான். செப்டம்பர்ல எல்லாம் தொட்டாலே போவான்க்கா. இப்ப உதைச்சாக்கூட போக மாட்றான். சார் சொல்றாரு, நான் சோம்பேறியாயிட்டேனாம்."

அவளுடைய வலது குதிகாலில் ஸ்பர் மாட்டியிருந்தது. குதிரையை உறுத்தும் சிறு இரும்பு. முன்பு அவள் அதைப் போட்டதில்லை.

"உங்களுக்கு மட்டும் போறானா?"

மழை தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது. பதில் சொல்ல எனக்கு நிறைய நேரம் இருந்தது.

"இன்னும் கொஞ்சம் அழுத்திப் பாரு" என்றேன்.

நவம்பர் 29

ஒன்றுமில்லை.

டிசம்பர் 1

ஆம்பூர். பூட்ஸ் தயார், இரண்டு காலுக்கும் புதிது. இவ்வளவு அழகான பொருளை நான் சொந்தமாக வைத்திருந்ததில்லை. முழங்காலின் பின்புறம் இரண்டு விரல் உயரம் கூடுதலாக வைத்திருக்கிறார். நீள பூட்ஸ் போடப் போடக் கணுக்காலில் மடிந்து இறங்குமாம். இறங்கிய பிறகுதான் அது என் பூட்ஸாம்.

கொக்கிகளால் இழுத்து மாட்டினேன். இடது. பிறகு வலது.

"கால் அடிவரைக்கும் போச்சா?" என்று கேட்டார்.

"போச்சு."

"எப்டித் தெரியும்?"

"சத்தம் கேட்டுச்சு."

அவர் என் வலது பூட்ஸின் மூக்கைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். விரல்கள் மடங்கியிருக்கவில்லை. எனக்காக அவர் பார்த்துச் சொன்னார். வாசல்வரை வந்து, "மேடம், சாருக்குத் தெரியும்னு சொன்னீங்கள்ல" என்றார். ஆமாம் என்றேன். "ஆங்" என்று மட்டும் சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

டிசம்பர் 3

பூட்ஸோடு பாத்திரம் தேய்த்தேன். பூட்ஸோடு வீடு துடைத்தேன். பூட்ஸோடு விடைத்தாள் திருத்தினேன். கீழ்வீட்டு அம்மா வந்து, "மேல போலீஸ் வந்திருக்கோன்னு பயந்துட்டேன்" என்றார். காலைப் பார்த்ததும் இன்னும் பயந்தார்.

இடது முழங்காலின் பின்புறம் தோல் உரிந்து எரிகிறது. வலதுக்கு எந்தக் குறையும் இல்லை. மிக வசதியான பூட்ஸ்.

டிசம்பர் 6

தேர்வு.

காலையில் மழை இல்லை. தேவசகாயம் சார் என் காலைப் பார்த்துவிட்டு, "பூட்ஸ் பிரமாதம்" என்றார். அவர் பாராட்டி நான் கேட்ட இரண்டாவது சொல் அது. முதல் சொல் ஏழு வருடத்துக்கு முந்தையது.

முதல் ஆறு அசைவுகளும் தண்ணீர்போல் ஓடின. ஏழாவதில் வலது காலை அழுத்தினேன். சானெட் நேராகப் போனான். மறுபடியும் அழுத்தினேன், அதாவது அழுத்தச் சொன்னேன், காலிடம். நேராகவே போனான். எந்த எதிர்ப்பும் இல்லாமல், காது அசையாமல், அந்தப் பக்கம் யாருமே இல்லாததுபோல்.

அடுத்து தர்ஷா. அவளுக்கும் ஏழாவதில் அப்படித்தான்.

சார் குதிரையை நிறுத்தினார். முதுகைத் தடவினார். ஏகாம்பரம் அண்ணனை விட்டு, கடிவாளத்தைப் பிடித்து ஓடவிட்டுக் காட்டச் சொன்னார். நெடுநேரம் பார்த்தார்.

"ரெண்டு பேருக்கும் போக மாட்டக்கான்னா கோளாறு இவன்கிட்டதான். பின்னங்கால் மூட்டுல வலி இருக்கும். சொல்லத் தெரியல பாவம், அதான் நகர மாட்டக்கான்." பிறகு தர்ஷாவைப் பார்த்து, "உன்ன நான் ரொம்பப் பேசிட்டேன்மா. மனசுல வச்சுக்காத." அவர் யாரிடமும் இப்படிச் சொல்லி நான் பார்த்ததில்லை. தர்ஷா அழுதாள்.

நாளைக் காலை டாக்டர் வருகிறார். மூட்டுக்குள் ஊசி போட்டால் பத்து நாளில் சரியாகிவிடும். முடிவு அதற்குப் பிறகு.

ஆக, நான் இன்னும் போட்டியில் இருக்கிறேன். தர்ஷாவின் மேல் இருந்த பழி இறங்கிவிட்டது. என்மேலும் பழி இல்லை. எல்லோருக்கும் நல்லது. குதிரை எதுவும் சொல்லாது.

டிசம்பர் 7

எழுதிவிடுகிறேன்.

எட்டு மணிக்கு டாக்டர் வந்தார். சானெட்டுக்கு மயக்க மருந்து கொடுத்திருந்தார்கள். தலை தொங்கி, கீழுதடு தளர்ந்து நின்றான். பின்னங்கால் மூட்டில் ரோமத்தைச் சிரைத்துவிட்டு, ஏகாம்பரம் அண்ணன் பழுப்பு மருந்தால் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். டாக்டர் கையுறை மாட்டியபடி சொன்னார்: "மூட்டுக்குள்ள போற ஊசி. கிருமி போயிடக் கூடாது. ஆயிரத்துல ஒண்ணு சீழ் வைக்கும். வச்சா குதிரை அவ்ளோதான்."

சாதாரணமாகச் சொன்னார். அதைச் சொல்வது அவருடைய வழக்கம் போல.

"சார், அவனுக்கு வலி இல்ல" என்றேன்.

தேவசகாயம் சார் திரும்பவில்லை. "உனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குத்தான் இல்ல."

"என்ன இல்ல?"

"வலது கால்ல எனக்கு ஒண்ணும் தெரியறதில்ல சார். முழங்காலுக்குக் கீழ. மார்ச்சிலேருந்து. நான் அழுத்தறேனா, இல்லையான்னு எனக்கே தெரியாது. சும்மாவே ஆடிக்கிட்டு இருந்திருக்கும். வாரம் அஞ்சு நாள், ரெண்டு மாசம். அவன் அத கேக்கறத விட்டுட்டான்."

"பைத்தியமா உனக்கு? நடக்க, ஓட்ட, எல்லாம் செய்யுத."

பூட்ஸைக் கழற்றச் சொல்லி ஏகாம்பரம் அண்ணனிடம் காலை நீட்டினேன். அவர் இழுத்தார். வரவில்லை. அங்கே நின்றிருந்த தர்ஷா என்னைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டாள். "மேடம், பூட்ஸ் வருதா காலு வருதான்னு தெரியலையே" என்றார். ஒருவழியாக வந்தது. கூடவே ஃபோம் தகடு சரிந்து வைக்கோலில் விழுந்தது. உள்ளேயிருந்து வந்தது என் கால். அதை அவர்கள் யாரும் இதற்குமுன் பார்த்திருக்கவில்லை. ஏகாம்பரம் அண்ணன் பார்த்துவிட்டு, "நாலாவது பேண்டேஜு இங்கதான் இருந்துச்சா" என்றார். அவர் குரலில் கிண்டல் இல்லை.

நான் கூரையைப் பார்த்துக்கொண்டேன். "டாக்டர், ஊசியால குத்துங்க. எங்க வேணாலும்."

"நான் குதிரை டாக்டர்மா."

"பரவால்ல. குத்துங்க."

சானெட் மயக்கத்தில் பெருமூச்சு விட்டான்.

"குத்துங்க டாக்டர்."

"குத்திட்டேன்மா" என்றார். "மூணு தடவ."

தேவசகாயம் சார் கத்துவார் என்று நினைத்தேன். அவர் தொப்பியைக் கழற்றிச் சேணம் மாட்டும் கம்பியில் வைத்தார். என் காலைப் பற்றிப் பேசவில்லை. குதிரையைப் பற்றியும் பேசவில்லை.

"இந்தப் புள்ளைய நான் எத்தன நாள் ஏசியிருக்கேன், தெரியும்லா உனக்கு? தெரிஞ்சுதான இருந்த?"

"தெரியும் சார்."

"போலீஸ்ல இருந்திருந்தா உன்ன உள்ள வச்சிருப்பேன்." பிறகு டாக்டரிடம், "ஊசி வேண்டாம். கழுவின இடத்த மட்டும் பாத்துருங்க."

தர்ஷா என்னைப் பிடித்திருந்த கையை அப்போதுதான் எடுத்தாள். எடுத்துவிட்டாள்.

டிசம்பர் 8

பூட்ஸ் வராந்தாவில் கிடக்கிறது. இரண்டும்.

டிசம்பர் 12

அகராதிச் சீட்டின் தேதி முடிந்துவிட்டது. புதுச் சீட்டு வாங்கி நரம்புப் பரிசோதனைக்குப் போனேன். கருவியை வைத்த பெண் ஒவ்வொரு இடமாக "தெரியுதா?" என்று கேட்டாள். முதல் தடவை பழக்கத்தில் "லேசா" என்றேன். அவள் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு ஒவ்வொன்றுக்கும் தெரியவில்லை, தெரியவில்லை என்றேன். அது இவ்வளவு சுலபமான சொல்.

ஓரளவு திரும்பலாம். ஒரு வருடம், ஒன்றரை வருடம். திரும்பாமலும் போகலாம். அம்மாவிடம் சொன்னேன். தஞ்சாவூரிலிருந்து நாளை வருகிறாள். ஃபோனில் சிரிக்கவில்லை.

டிசம்பர் 21

பெங்களூர்.

நான் இங்கே, என் அறையில். அம்மா துணி மடித்துக்கொண்டிருக்கிறாள். மாலை நான்கு மணிக்குத் தர்ஷாவிடமிருந்து ஒரு படம் வந்தது. மதிப்பெண் தாள். பதினான்கு பேரில் ஒன்பதாவது. ஆறு, ஆறரை, ஆறு, ஒரு இடத்தில் ஏழுகூட. ஏழாவது அசைவுக்கு மூன்று. பக்கத்தில் நடுவரின் சாய்ந்த கையெழுத்து: வலது காலுக்குக் குதிரையிடமிருந்து பதில் இல்லை.

கீழே தர்ஷா எழுதியிருந்தாள்: "செவன்த் மட்டும் போச்சு. பரவால்ல."

வினோக்கா என்று போடவில்லை.

தாளில் குதிரையின் பெயர், அவள் பெயர், பள்ளியின் பெயர் எல்லாம் இருக்கின்றன. ஏழாவது அசைவின் அந்த மூன்று மதிப்பெண் மட்டும் நான் போட்டது. மூன்று வருடம் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தேன். இரண்டு மாதத்தில் அவன் கற்றுக்கொண்டது இது.

டிசம்பர் 24

நேற்று இரவு சார் ஃபோன் செய்தார். பதினாறு நாளில் முதல் தடவை. "கெடுத்தது நீ. சரி பண்ண வேண்டியதும் நீதான். மேல ஏறக் கூடாது. கீழ நின்னு. காலைல ஆறு மணி."

மைதானம் முழுக்கச் சேறு. பூட்ஸைப் போட்டுக்கொண்டேன். சேற்றுக்கு நல்லது. ஃபோமை எடுத்துவிட்டதால் வலது பூட்ஸ் நடக்கும்போது கொளகொளவென்று ஆடுகிறது. யார் பார்த்தாலும் தெரியும். ஏகாம்பரம் அண்ணன் பார்த்தார். கடிவாளத்தை என் கையில் கொடுத்தார்.

"காலைல ஒண்ணும் துண்ணல மேடம், கோவத்துல இருக்கான். பாத்து."

சானெட்டின் வலப்பக்கம் நின்றேன். சவாரி செய்பவரின் கால் படும் இடத்தில், விலாவில், விரல் முட்டிகளை வைத்து அழுத்தினேன். கை எனக்குத் தெரிகிறது. ரோமத்தின் ஈரம், அதற்குக் கீழே சூடு, அதற்குக் கீழே எலும்பு. எவ்வளவு அழுத்துகிறேன் என்பது தெரிகிறது.

நகரவில்லை.

எடுத்தேன். மறுபடியும் வைத்தேன். நகரவில்லை. மறுபடியும். ஒவ்வொரு முறையும் ஒரே இடம், ஒரே அழுத்தம். நான்கு, ஐந்து. தோள் வலித்தது. தூரத்தில் சார் நாற்காலி போட்டு உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். பக்கம் புரட்டவே இல்லை.

பதினோராவது முறையும் அவன் காலை எடுத்து வைக்கவில்லை. வலது காதை மட்டும் பின்னால் திருப்பினான். என் பக்கம்.

"அண்ணா" என்றேன்.

"பாத்தேன் பாத்தேன்" என்றார் ஏகாம்பரம் அண்ணன். "காதுல வாங்கிக்கினான். செய்யலாமா வாணாமான்னு யோசிக்கிறான்."

மறுபடியும் கையை வைத்தேன்.